தீவாந்தரக் கப்பலைத் தேடி

நாள் 1: துங்காபி, சிட்னி

சின்ன வயதில் நான் சேட்டை செய்தால் ஆச்சி ஒரே ஒரு வசனம்தான் சொல்வாள்: "உன்னையெல்லாம் தீவாந்தரத்துக்குத்தான் அனுப்பணும்." தீவாந்தரம் என்றால் கடல் கடந்து நாடு கடத்தும் தண்டனை. தூத்துக்குடிக்காரர்களுக்கு அது வெறும் வசைச்சொல் இல்லை. பாளையக்காரர் போர் முடிந்து 1802-ல் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கம்பெனிக்காரர்கள் பினாங்குக்குக் கப்பலேற்றியது எங்கள் ஊர்க் கரையிலிருந்துதான். வ.உ.சி.க்கு 1908-ல் திருநெல்வேலியில் முதலில் விதிக்கப்பட்டதும் தீவாந்தர தண்டனைதான், அதுவும் இரட்டை. மேல்முறையீட்டில் அது குறைந்தது.

அந்தத் தண்டனையை இங்கிலாந்து தன் சொந்த ஜனங்களுக்கும் கொடுத்தது என்று எனக்குத் தெரியவந்தது வெகு பின்னால். 1788 முதல் 1868 வரை எண்பது வருஷம், சுமார் 1,62,000 பேர், ஆஸ்திரேலியாவுக்கு மட்டும். முன்பு அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே சுதந்திரப் போர் வெடித்ததும் வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பின. தேம்ஸ் நதியில் பழைய கப்பல்களை நிறுத்தி அவற்றில் கைதிகளை அடைத்தார்கள். அதுவும் போதாமல் உலகத்தின் மறுகோடியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சிறைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குக் கப்பலைப் பார்க்க வேண்டும். எங்கள் தாத்தா ஓடாவி, தோணி கட்டியவர். ஒரு கப்பல் எப்படிக் கட்டப்பட்டது, அதற்குள் யார் எப்படிப் படுத்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தத் தண்டனை எனக்குப் பிடிபடாது. அதற்காகத்தான் இந்த ஏழு நாள்.

அக்கா வீடு துங்காபியில் இருக்கிறது. நம் ஆட்கள் நிறைய வசிக்கும் மேற்கு சிட்னி. சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள், "ஏல, இவ்வளவு தூரம் வந்துட்டு ஜெயிலத்தான் பாக்கப் போறியா?" இந்த ஊரே கைதிகள் காடு வெட்டிக் கழனியாக்கிய அரசுப் பண்ணைதான் என்று சொன்னேன். 1790-களில் இங்கே மரம் வெட்டியவர்கள் நேற்றுவரை லண்டன் சந்துகளில் இருந்தவர்கள். கோடரி பிடித்தே பழகாதவர்கள். அத்தானுக்கு இது புதுச் செய்தி. பதினாறு வருஷமாக இங்கே இருக்கிறார்.

சாயங்காலம் சர்க்குலர் கீயிலிருந்து மேன்லிக்குப் படகு பிடித்தேன். துறைமுகத்தின் வாசலைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும். இரண்டு பாறை முனைகள், நடுவே திறந்த பசிபிக். 1788 ஜனவரி 26 அன்று முதல் ஆளுநர் ஆர்தர் பிலிப்பின் பதினோரு கப்பல்கள் முதல் கைதிக் கூட்டத்தோடு உள்ளே வந்து சேர்ந்த வழி இது. 1787 மே 13-ல் போர்ட்ஸ்மத்தை விட்டு டெனரிஃப், ரியோ டி ஜெனிரோ, கேப் டவுன் என்று எட்டு மாதத்துக்கும் மேல் சுற்றி வந்தவை. கரையில் நின்று பார்த்த, அந்த மண்ணின் பழங்குடிகளான கடிகல் மக்களுக்கு அது என்ன காட்சியாக இருந்திருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷமே பெரியம்மை அவர்களை வாரிக்கொண்டு போனது.

நாள் 2: சிட்னி

துங்காபியிலிருந்து ரயிலில் நகரத்துக்குப் போகும்போது ரெட்ஃபெர்ன் என்று ஒரு நிலையம் வரும். கூட்டம் ஏறும், இறங்கும். அந்தப் பெயருக்குரியவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ஆனால் முதலில் 1790.

முதல் கப்பல் கூட்டத்தை ஓரளவு கவனத்தோடு நடத்தினார்கள். இரண்டாவதைத் தனியாருக்குக் குத்தகை விட்டார்கள். எடுத்தவர்கள் கேம்டன், கால்வர்ட் அண்ட் கிங் என்ற லண்டன் வியாபாரிகள். அதுவரை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிப் பழகியவர்கள். ஒரு கைதிக்கு 17 பவுன் 7 ஷில்லிங் 6 பென்ஸ். அந்தப் பணம் ஏற்றுகிற தலைக்கு. உயிரோடு இறக்குகிற தலைக்கு அல்ல. வழியில் ஒருவன் செத்தால் குத்தகைக்காரனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அவன் சாப்பிட்டிருக்க வேண்டிய ரேஷன் மிச்சம், அதைக் கரையில் விற்கலாம்.

நெப்டியூன், ஸ்கார்பரோ, சர்ப்ரைஸ் என்ற மூன்று கப்பல்களில் சுமார் ஆயிரம் கைதிகள் ஏறினார்கள். கால்வாசிப் பேர் கடலிலேயே இறந்தார்கள். அடிமைக் கப்பல்களில் போடும் குட்டை விலங்கு அவர்களுக்கு. காலை அசைக்கவும் முடியாது. பக்கத்தில் படுத்தவன் செத்துப்போனால் அதைச் சொல்லாமல் மறைத்து அவன் பங்கு சாப்பாட்டையும் வாங்கித் தின்றார்கள் என்று கப்பலில் வந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். துறைமுகத்தின் மேற்குக் கரையில், இன்றைக்குத் தி ராக்ஸ் என்கிற பகுதியில், கூடாரங்கள் போட்டு நோயாளிகளைக் கிடத்தினார்கள். நான் அங்கே நின்றபோது சனிக்கிழமைச் சந்தை நடந்துகொண்டிருந்தது. தேன், சோப்பு, மர பொம்மைகள். யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தக் கூடாரங்களுக்காக ஒரு ஐந்து நிமிஷம் ஓரமாக நின்றுவிட்டு வந்தேன்.

பிறகு மெக்குவாரி தெருவில் ஹைட் பார்க் பாரக்ஸ். 1819-ல் திறந்த கைதிகள் விடுதி. செங்கல் கட்டடம், பார்க்க அழகாகவே இருக்கிறது. அறுநூறு பேருக்குக் கட்டியது. ஆயிரத்துக்கு மேலும் அடைத்திருக்கிறார்கள். மாடியில் வரிசையாகத் தூளிகள் தொங்குகின்றன. தரைப்பலகைக்கு அடியில் எலிகள் இழுத்துச் சேர்த்துவைத்த துணி, நூல், காகிதம் எல்லாம் பின்னாளில் அகழாய்வாளர்களுக்குப் பொக்கிஷமாகக் கிடைத்தன. யாரும் பத்திரப்படுத்த நினைக்காத ஒரு கைதியின் சட்டை இங்கே பிழைத்திருக்கிறது.

இந்தக் கட்டடத்தை வரைந்தவர் ஃபிரான்சிஸ் கிரீன்வே, அவரும் ஒரு கைதி. பிரிஸ்டலில் கட்டடக்கலைஞராக இருந்தவர். பத்திரத்தில் போலி செய்ததற்கு மரண தண்டனை, அது பதினான்கு வருஷத் தீவாந்தரமாகக் குறைந்தது. 1814-ல் ஜெனரல் ஹ்யூவெட் என்ற கப்பலில் வந்தார். அந்தக் கப்பல் கல்கத்தாவில் கட்டியது என்று படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் மரம், நம் தச்சர்கள். அதில் ஏறிய முந்நூறு பேரில் 34 பேர் கரை சேரவில்லை.

அதே வருஷம் த்ரீ பீஸ், சர்ரி என்ற இரண்டு கப்பல்களிலும் காய்ச்சல், ரத்தபேதி, சாவு. ஆளுநர் மெக்குவாரி காரணம் கண்டுபிடிக்கச் சொன்னது வில்லியம் ரெட்ஃபெர்ன் என்ற மருத்துவரிடம். இந்த ரெட்ஃபெர்னும் கைதியாக வந்தவர்தான். 1797-ல் நோர் என்ற இடத்தில் கடற்படை மாலுமிகள் கிளர்ச்சி செய்தபோது, ஒற்றுமையாக இருங்கள் என்று அவர்களிடம் சொன்னது குற்றம். மரண தண்டனை, வயதைப் பார்த்துக் குறைத்தார்கள். தானே கைதிக் கப்பலில் வந்த மனிதர் எழுதிய அறிக்கை அது. காற்று வர வேண்டும். துணி வேண்டும். தினமும் மேல்தளத்துக்கு விட வேண்டும். புகைபோட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு கப்பலிலும் கடற்படை மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும், மாலுமித் தலைவன் அவர் பேச்சை மீறக் கூடாது.

1815-லிருந்து அப்படியே செய்தார்கள். சாவு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. அதே கடல், அதே மரக்கப்பல், ஏறக்குறைய அதே உப்புக்கண்டம். கணக்கு எப்படி எழுதப்பட்டது, யாருடைய வார்த்தை செல்லுபடியானது, இந்த இரண்டும்தான் மாறின. புயலும் நோயும் கொன்றதாகத்தான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

திரும்பும்போது ரெட்ஃபெர்னில் வேண்டுமென்றே இறங்கினேன். நடைமேடையில் உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த வண்டி பிடித்தேன்.

நாள் 3: ஹோபார்ட்

விமானத்தில் இரண்டு மணி நேரம். ஹோபார்ட் இருக்கும் டாஸ்மேனியாத் தீவுக்கு அப்போது வான் டீமன் நிலம் என்று பெயர். 1853 வரை எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் இங்கே வந்தார்கள். குளிர் எலும்பைத் தொடுகிறது. அக்கா கொடுத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு துறைமுகக் கரையில் கொஞ்சம் நடந்துவிட்டுத் தூங்கப் போகிறேன்.

நாள் 4: ஹோபார்ட்

அந்தக் கரையில் நான்கு வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. மூன்று பெண்கள், ஒரு சிறுவன். செய்தவர் ரோவன் கில்லெஸ்பி என்ற அயர்லாந்துச் சிற்பி. கப்பலைவிட்டு இறங்கி முதல் அடி எடுத்துவைக்கும் கோலம். பீடம் கிடையாது, நம் உயரத்தில், நம் தரையில் நிற்கிறார்கள். காலையில் கடைக்குப் போகிறவர்கள் அவர்களுக்கு நடுவே நடந்துபோகிறார்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் சுமார் 25,000 பேர் பெண்கள். துணி திருடியவர்கள், எஜமானி வீட்டுக் கரண்டியை அடகு வைத்தவர்கள். ஏழு வருஷம் என்பது சட்டத்தில் எழுதியிருக்கும் கணக்கு. திரும்பிப்போகக் கப்பல் கூலிக்கு வழி இல்லாதவளுக்கு அது ஆயுள்தான்.

1841-ல் ராஜா என்ற பெயருள்ள கப்பலில் சுமார் 180 பெண்கள் ஹோபார்ட்டுக்கு வந்தார்கள். சிறைச் சீர்திருத்தத்துக்கு உழைத்த எலிசபெத் ஃப்ரையின் குழுவினர் ஒவ்வொருத்திக்கும் ஊசி, நூல், ஒட்டுத்துணி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வழியில் அவர்கள் 2,815 துண்டுகளை இணைத்து ஒரு பெரிய ஒட்டுப்போர்வை தைத்தார்கள். நடுவில் பூவும் பறவையும். தைக்கத் தெரிந்த கை எது, அன்றுதான் ஊசி பிடித்த கை எது என்பது தையலிலேயே தெரியுமாம். சில இடங்களில் ஊசி குத்திய ரத்தக்கறையும் உண்டு. போர்வை இங்கிலாந்துக்குத் திரும்பிப்போய், காணாமல்போய், 1989-ல் ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. இப்போது கான்பெராவில் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. எங்கள் ஆச்சி பழைய சேலைகளை அடுக்கித் தைத்த மெத்தைவிரிப்பு நினைவுக்கு வந்தது. நடுக்கடலில், ஆடுகிற விளக்கு வெளிச்சத்தில், யாரோ முன்பின் தெரியாதவளோடு ஒரே துணியின் இரண்டு ஓரங்களைப் பிடித்துத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இறங்கியவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் காஸ்கேட்ஸ் பெண்கள் சிறை. மலையடிவாரத்தில், ஓடைக்கரையில், வெயில் எட்டாத பள்ளம். சாராய ஆலையாக இருந்ததை 1828-ல் சிறையாக்கினார்கள். இன்று மதிற்சுவர்கள் மட்டும்தான் மிச்சம். உள்ளே வெறும் முற்றம். துவைப்பதும் நூற்பதும் பெண்களின் வேலை. அங்கே பிறந்த குழந்தைகளைப் பால்குடி மறந்ததும் தாயிடமிருந்து பிரித்தார்கள். ஈரத்திலும் நெரிசலிலும் குழந்தைகள் கூட்டம் கூட்டமாக இறந்தன. வழிகாட்டிப் பெண் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். எங்கள் குழுவில் கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு தாய் பேச்சு முடியும்வரை குழந்தையைக் கீழே விடவில்லை.

கப்பல் பற்றி இன்னொன்று. ஹோபார்ட்டுக்குத் தெற்கே, கிட்டத்தட்ட வந்து சேர்ந்துவிட்ட இடத்தில், 1835 ஏப்ரலில் மூன்றாம் ஜார்ஜ் என்ற கைதிக் கப்பல் பாறையில் மோதியது. தண்ணீர் உள்ளே ஏற, கைதிகள் மேலே வர முட்டினார்கள். காவலர்கள் துப்பாக்கியைக் காட்டித் தடுத்தார்கள்; சுடவும் செய்தார்கள். 130 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலோர் அடித்தளத்தில் இருந்த கைதிகள். நான்கு மாதம் கடலைத் தாண்டி வந்தவர்கள்.

அப்புறம் இந்த மண்ணின் சொந்தக்காரர்கள். ஹோபார்ட்டுக்குப் பழங்குடி மக்கள் சொல்லும் பெயர் நிப்பலூனா. கைதிகளும் குடியேறிகளும் பெருகப் பெருக நிலத்துக்காகச் சண்டை மூண்டது. மிஞ்சிய பழங்குடியினரை 1830-களில் கப்பலேற்றி ஃப்ளிண்டர்ஸ் தீவில் வைத்தார்கள். பெரும்பாலோர் அங்கேயே நோயில் இறந்தார்கள். 1847-ல் பிழைத்திருந்த 47 பேரைத் திரும்பக் கொண்டுவந்து ஆய்ஸ்டர் கோவ் என்ற இடத்தில் குடிவைத்தார்கள். அது கைதிகளுக்கு லாயக்கில்லை என்று கைவிட்ட முகாம். எந்தக் குற்றமும் செய்யாதவர்களுக்கும் தீவாந்தரம்.

நாள் 5: போர்ட் ஆர்தர்

பேருந்து போகும் வழியில் ஈகிள்ஹாக் நெக் என்ற குறுகலான நிலப்பாலம். ஒரு நல்ல கல் எறிந்தால் அந்தப் பக்கத்துக் கடலில் விழும். தப்பிப்போகிற கைதியைப் பிடிக்க இங்கே குறுக்கே நாய்களைச் சங்கிலியில் கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

போர்ட் ஆர்தர் 1830 முதல் 1877 வரை நடந்தது. ஆஸ்திரேலியாவுக்கு வந்த பிறகும் குற்றம் செய்தவர்களுக்கான இடம். புல்வெளியும் ஓக் மரமும் கடலுமாக இவ்வளவு அழகான இடத்தை எதிர்பார்க்கவில்லை. பெரிய சிறைக்கட்டடம் முதலில் மாவு ஆலையாகவும் தானியக் கிடங்காகவும் கட்டியது. தனிமைச் சிறையில் பேச்சே கூடாது. அறையைவிட்டு வெளியே வந்தால் முகத்தை மறைக்கும் துணிமூடி. தேவாலயத்தில்கூட ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கூண்டு. பாதிரியாரை மட்டும் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவனைப் பார்க்க முடியாது. நான் ஒரு கூண்டுக்குள் நின்றேன். பாடும்போது மட்டும்தான் அவர்கள் வாய் திறக்கலாம். அடிப்பதை நிறுத்திவிட்டு மனதைத் திருத்துகிறோம் என்று நம்பிச் செய்தது இது. எனக்கு இதுதான் சாட்டையைவிடக் கொடியதாகப் பட்டது.

எதிரே தண்ணீருக்கு அப்பால் பாயிண்ட் பியூர். 1834 முதல் 1849 வரை சிறுவர் சிறை. ஒன்பது வயதுப் பையன்கூட இருந்திருக்கிறான். தச்சு, செருப்பு வேலை, கல் வேலை கற்றுக்கொடுத்தார்கள். இந்தப் பக்கம் போர்ட் ஆர்தரில் கப்பல் கட்டும் துறையும் இருந்தது. கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து, அவர்களையே கப்பல் கட்ட வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் இப்போது கப்பலின் எலும்புக்கூடு மாதிரி இரும்பில் ஒன்று நிற்கிறது. நான் தேடிவந்த கப்பல் அது இல்லை.

1996-ல் இதே இடத்திலும் சுற்றுவட்டாரத்திலும் ஒருவன் துப்பாக்கியால் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அதற்கு ஒரு நினைவுத் தோட்டம் இருக்கிறது. அங்கே யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. நானும் பேசாமல் வந்துவிட்டேன்.

நாள் 6: வெலிங்டன்

நாள் முழுக்க விமான நிலையங்கள். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். ராத்திரிதான் நியூசிலாந்து வந்து சேர்ந்தேன். கைதிகளைத் தேடி நியூசிலாந்துக்கு எதற்கு என்று அக்கா தொலைபேசியில் கேட்டாள். நாளை சொல்கிறேன் என்றேன்.

நாள் 7: பிக்டன்

காலைப் படகில் குக் ஜலசந்தியைத் தாண்ட மூன்றரை மணி நேரம். மோசமான கடல் என்று எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள். இன்றைக்குக் குளம் மாதிரி கிடந்தது. மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய்ப் பிக்டன் வருகிறது. படகுத்துறைக்குப் பக்கத்திலேயே ஒரு உலர்துறை, தண்ணீர் இல்லாமல் கப்பலை நிறுத்திவைக்கும் இடம். மேலே கூரை. அதற்குள் எட்வின் ஃபாக்ஸ்.

ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளைக் கொண்டுவந்த நூற்றுக்கணக்கான கப்பல்களில் இன்றைக்கு உடம்போடு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 1853-ல் கட்டியது. எங்கே? கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹூக்ளி நதியோரம், சால்கியாவில். தேக்கு மரமும் குங்கிலிய மரமும். கிரிமியப் போருக்குப் படைகளைச் சுமந்தது. 1858-ல் பிளிமத்திலிருந்து 280 கைதிகளை ஏற்றிக்கொண்டு மூன்று மாதத்துக்குள் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டிலில் இறக்கியது. கிழக்குப் பக்கம் கைதிகளே வேண்டாம் என்று சொல்லிவிட்ட காலம் அது. மேற்கில் வேலைக்கு ஆள் இல்லாமல் கேட்டு வாங்கினார்கள். பிறகு நியூசிலாந்துக்குக் குடியேறிகளைக் கொண்டுவந்தது. பாய்மரம் கழற்றப்பட்டு ஆட்டிறைச்சியை உறையவைக்கும் மிதவையானது. அப்புறம் நிலக்கரிக் கிடங்கு. அப்புறம் யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. 1965-ல் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு ஷில்லிங்குக்கு அதை விலைக்கு வாங்கினார்கள். அந்த நல்ல மனிதர்களுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

முதலில் கீழே இறங்கி, கப்பலின் முதுகெலும்பான ஏராக்கட்டையை ஒட்டி அடியில் நடந்தேன். செம்புத் தகடு போர்த்திய அடிப்பாகம். முன்பக்கமான அணியம் தலைக்குமேல் எழுந்து நிற்கிறது. நாற்பத்தெட்டு மீட்டர் நீளம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு எங்கள் தாத்தாவின் தோணிதான் கண்ணில் நின்றது. அதையே மடங்கு மடங்காகப் பெருக்கியது போல. பலகை சேரும் இடுக்குகளைப் பார்த்தேன். தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் கலப்பத்து வேலைக்கு அவர் பஞ்சுத்திரியை உளியால் திணிக்கும் சத்தம் காதில் கேட்டது. மேல்தளம் பெரும்பாலும் போய்விட்டது. கப்பலின் விலா எலும்புகளான வங்குகள் கறுத்து, அரித்து, ஆனால் நேராக நிற்கின்றன. தேக்கு என்பதால்தான் பிழைத்தது என்று அங்கிருந்த பெரியவர் சொன்னார். நான் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ இது உங்க ஊர்க் கப்பல்" என்றார்.

உள்ளே யாரும் இல்லை. கைதிக் கப்பல்களில் ஆறடிச் சதுரப் பலகையில் நான்கு பேர் படுப்பது வழக்கம். ஆளுக்கு ஒன்றரை அடி. பூக்காரம்மா கையில் அளக்கும் ஒரு முழம். கப்பலின் பக்கச் சுவரில் முழங்கையை வைத்து விரல் நுனிவரை அளந்தேன். ஒருவர். கையை நகர்த்தி இன்னொரு முழம். இரண்டு பேர். அப்படியே நான்கு முழம் அளந்து முடித்தபோது, வெளியே அடுத்த படகு கிளம்புவதற்குச் சங்கு ஊதியது.